மோட்டுத்தனத்தின் அணுத்திணிவு

அக்குறணையில் பிறந்தவனுக்குப் பகுப்பாய்வு என்றாலே கொஞ்சம் பயம். எங்களையே எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊர்க் கதைப்படி, இராசசிங்க மன்னன் காலத்தில் மூன்று அராபியர் கண்டிக்கு வந்தார்கள். இங்கேயே பெண் எடுத்தார்கள். அரசன் காணி கொடுத்துக் குடியேற்றினான். சொல்லுகிற மூத்தவரைப் பொறுத்து அராபியரின் வீரம் கூடும், குறையும். மூன்று என்ற கணக்கு மட்டும் அசையாது. இந்தக் கதையை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கள்பாட்டுக்கு யாவாரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கட்டுரை வெளியிட்டு, இலங்கைச் சோனகராகிய நாங்கள் இனத்தால் தமிழரே என்று விடை எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்த்துவைக்கும் அவசரமும் எவருக்கும் கிடையாது.

நான் சொல்ல வந்தது அதே குடும்பத்தில் நடந்த இன்னொரு பகுப்பாய்வை. இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமி. ஆக, இருவரும் மச்சான்மார். மூத்த மச்சான் மனிதர்களுக்கு லேபல் ஒட்டினார். இளைய மச்சான் கற்களுக்கு ஒட்ட வந்தார். மூத்தவர் ஒட்டியது சரியா பிழையா என்ற சண்டையை விடுவோம். இளையவர் ஒரு கறுப்புக் கல்லுக்கு ஒட்டிய முதல் லேபல் பிழை. அதில் சண்டைக்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பிறகு அந்தக் கல்லைத் தொட்டவர், தொட்டவரைப் பார்த்துச் சிரித்தவர், கடைசியாகத் தொடாமலே கணக்குப் போட்ட கொம்பியூட்டர் வரை, முதல் தடவையில் சரியாகச் சொன்னவர் அபூர்வம்.

ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தகப்பன் காலமானார். தாய் எலிசபெத் ஆங்கிலப் பெண். பிள்ளை வளர்ந்தது இங்கிலாந்தில். லண்டனில் பூகர்ப்பவியலும் தாவரவியலும் படித்து, 1900இலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். 1903இல் காலனி அரசாங்கம் கனிமங்களை அளவையிட ஓர் ஒபிசைத் திறந்து அவரையே பணிப்பாளராகப் போட்டது. வேலை மிகத் தெளிவானது. மலைக்குள் காசு எங்கே கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆள் மலைக்குள் போனது உண்மை. ஆனால் கண்டிச் சீமையில் கல்லைத் தேடிப் போன இடத்தில் அவருடைய கண் கொல்லன், தச்சன், நெசவுகாரன் பக்கம் போய்விட்டது. மனைவி எத்தல் படம் பிடிக்க, இவர் குறிப்பெடுக்க, அரசாங்கம் கல்லுக்குக் கொடுத்த சம்பளத்தில் கலை வளர்ந்தது. 1908இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகம் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றியது. இடையில் 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம். பழைய கட்டடங்களைக் கவனிப்பார் இல்லாமல் விட்டதற்கு ஏச்சு. அதே வருடம் ஐரோப்பிய உடுப்பு உடுக்கிற இலங்கையருக்குத் தனியாக இன்னோர் ஏச்சு, கண்டியிலேயே அச்சடித்து. தாய்மொழி இங்கிலீஷ், படித்தது இங்கிலாந்துப் பள்ளிக்கூடம். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கண்டியில் களிசான் போட்டவனைக் கண்டால் மனம் தாங்கவில்லை. இத்தனைக்கும் உத்தியோக நேரத்தில் அவருக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதை இன்றைய அரசாங்க உத்தியோகத்தர்கள் ஆராய்ந்து பார்க்கலாம். பயன் உண்டு.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில், 1904இல், சபரகமுவவில் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையிலிருந்து சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வந்து சேர்ந்தன. சதுரமான சதுரம், யாரோ வெட்டி வைத்த மாதிரி. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம், தண்ணீரைவிட எட்டு, ஒன்பது மடங்கு. மாணிக்கம் அரிக்கிறவனுக்கு இது தொல்லை. வட்டியைச் சுழற்றினால் பாரமான கல் அடியில் தங்கும். நீலமோ புஷ்பராகமோ என்று ஆசையோடு பார்த்தால் கரிக்கட்டி. குமாரசுவாமி அதைப் பார்த்தார். கறுப்பு, பாரம், சதுரம். யுரேனினைற்று, அதாவது யுரேனியத்தின் ஒட்சைட்டு என்று எழுதினார்.

மாதிரி லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனது. அங்கே வைன்டம் டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் அதைக் கரைத்து, வடித்து, நிறுத்துப் பார்த்தார். யுரேனியம் இருந்தது, ஆனால் கொசுறாக. முக்கால்வாசி தோரியம் ஒட்சைட்டு. உலகத்துக்கே புதுக் கனிமம். தோரியனைற்று என்று பெயர் வைத்தார். குமாரசுவாமியைக் குறை சொல்லவும் முடியாது. யுரேனினைற்றும் தோரியனைற்றும் ஒரே பளிங்கமைப்பு. ஒன்றின் இடத்தில் மற்றது நோகாமல் போய் உட்காரும். இந்த ஒற்றுமை பின்னால் கதைக்கு வரும்.

அந்தக் காலத்தில் தோரியத்துக்கு நல்ல மவுசு. ‘கேஸ்’ விளக்கின் மென்டிலில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் தந்தது தோரியம் ஒட்சைட்டுத்தான். கூடவே நூற்றுக்கு ஒன்று சீரியம். பின்னால் எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் புஸ்ஸென்று இரைந்த பெற்றோமெக்ஸ் மென்டிலும் அதே சாதி. கதிர்வீச்சு உள்ள பொருளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போன சமுதாயம் நாங்கள். பயப்பட வேண்டியது மாமியாருக்குத்தான் என்று நினைத்திருந்தோம்.

லண்டனில் சேர் வில்லியம் ரம்சே இந்தக் கல்லை நூற்றுக்கணக்கான கிலோ வாங்கிப் போட்டார். அதே 1904இல் அவரிடம் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் வந்தார். விஞ்ஞானத்தில் எதையாவது புரட்டிப்போட வந்தார் என்று நினைக்காதீர்கள். வந்தது இங்கிலீஷ் படிக்க. ஊரில் ஒரு கம்பனி வேலைக்கு அது தேவைப்பட்டது. ரம்சே அவர் கையில் அந்தக் கல்லிலிருந்து எடுத்த பேரியம் உப்பு நிறைந்த ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, இதற்குள் கொஞ்சம் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடும் என்றார். எனக்கு ரேடியத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதே என்றார் ஹான். மிகவும் நல்லது, முன்முடிவு இல்லாமல் வேலை பார்க்கலாம் என்றார் ரம்சே. இந்தக் கொள்கையின்படி எங்களூரில் மாத்திரம் ஆயிரம் பேருக்கு உடனே ஆராய்ச்சி வேலை கொடுக்கலாம்.

ஹான் பிரித்தார். ரேடியம் வந்தது, கூடவே ரேடியத்துக்கும் இல்லாத வேகத்தில் கதிர் வீசும் ஏதோ ஒன்றும் வந்தது. தோரியத்துக்கும் தோரியம்-எக்ஸ் என்று அப்போது அழைத்த பொருளுக்கும் இடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு தலைமுறை ஒளிந்திருந்திருக்கிறது. 1905இல் ரேடியோதோரியம் என்று அறிவித்தார். அமெரிக்காவில் யேலில் இருந்த போல்ட்வுட் நம்பவில்லை. ஹானின் இந்தப் பொருள் தோரியம்-எக்ஸும் மோட்டுத்தனமும் சேர்ந்த புதிய சேர்வை போலும் என்று ரதர்போர்டுக்குக் கடிதம் எழுதினார். ரதர்போர்டுக்கும் அப்போது ஹானின் பேரில் பெரிய நம்பிக்கை இல்லை. அதே வருடம் ஹான் கனடாவில் ரதர்போர்டிடமே போய் உட்கார்ந்து செய்து காட்டினார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் போல்ட்வுட்டின் நக்கலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ரேடியோதோரியம் என்பது தோரியத்தின் ஒரு சமதானி, திணிவெண் 228. தோரியம்-எக்ஸ் என்பது ரேடியத்தின் ஒரு சமதானி, திணிவெண் 224. முதலாவது சிதைந்தால் இரண்டாவது வரும். அப்படியானால் போல்ட்வுட்டின் சமன்பாட்டில் மோட்டுத்தனத்தின் திணிவு என்ன? 228இலிருந்து 224 போனால் 4. நாலு என்றால் ஈலியம்! சிதையும்போது வெளியே பாய்வது ஈலியக் கருவேதான். ஏச வெளிக்கிட்ட மனிதர் தன்னை அறியாமலே சரியான சூத்திரத்தை எழுதிவிட்டார். அந்த ஈலியத்தைப் பூமியில் முதலில் பிடித்தவர், 1895இல், வேறு யாருமில்லை, ரம்சேதான்.

ஈலியம் என்று வந்துவிட்டதால் கெல்வின் பிரபுவையும் ஒரு கை பார்த்துவிடலாம். பூமி சூடு ஆறுகிற கணக்கை வைத்து, 1897இல் அவர் பூமிக்கு 2 கோடி முதல் 4 கோடி வயது என்று தீர்ப்பளித்திருந்தார். தீர்ப்பு என்றால் அப்படி ஒரு தீர்ப்பு. பூகர்ப்பவியலாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாய் பொத்தினார்கள். தோரியனைற்றுக்குள் ஈலியம் அடைபட்டுக் கிடக்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும். ரொபர்ட் ஸ்ட்ரட் 1910இல் இலங்கைத் தோரியனைற்றை எடுத்து அந்தச் சொட்டு வாயுவைப் பொறுமையாக அளந்தார். குறைந்தபட்சம் 20 கோடிக்கு மேல் என்றது கல். கசிந்துபோன ஈலியத்துக்குக் கணக்கில்லாததால் அதுகூடச் சின்னத் தொகை. நம் மலைநாட்டுப் பாறைகள் கடைசியாகப் பூமிக்கடியில் வெந்து உருமாறியதே ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். மாணிக்கக்காரன் வட்டியிலிருந்து தூக்கி எறிந்த கரிக்கட்டி, ஒரு பிரபுவைவிடக் கிட்டத்தான் சொன்னது.

ஹானுக்கு வருவோம். 1904இல் பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரித்துத் தொழில் பழகிய மனிதர் அல்லவா? 1938இல் பெர்லினில் யுரேனியத்தை நியூத்திரனால் அடித்துவிட்டு, அவரும் ஸ்ட்ராஸ்மனும் அதற்குள் ரேடியம் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பழைய தொழில் கையில் இருக்கிறதே, பேரியத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று பார்த்தால் பிரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிரியாததற்குக் காரணம் எளியது. அது ரேடியமே அல்ல, பேரியம். யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் ஹானுக்கு நம்பிக்கை வரவில்லை. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டுச் சுவீடனில் இருந்த தன் பழைய சகா லீசே மைட்னருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் மருமகன் ஃபிரிஷோடு சேர்ந்து விளக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1944க்குரிய இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு. மைட்னருக்கு? ஒன்றுமில்லை. பரிசுக் குழுவின் அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எந்தத் தராசும் தேவைப்படவில்லை.

இதுவரை வந்தவர்களில் அநேகர் கல்லைக் கையில் தொட்டவர்கள். இனி வருகிறவர்கள் கை படாத பரிசுத்தவான்கள்.

1929இல் போல் டிராக் ஒரு குண்டைப் போட்டார். இரசாயனம் முழுவதற்கும் தேவையான விதிகள் எல்லாம் தெரிந்தாயிற்று. ஒரே கஷ்டம், சமன்பாடுகளைத் தீர்க்க முடியாது என்றார். கடனைத் தருவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, காசுதான் இல்லை என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். தோரியம் அணு ஒன்றை எடுங்கள். 90 இலத்திரன்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று. மொத்தம் 270 மாறிகள், அத்தனையும் ஒன்றோடொன்று பின்னிப்போனவை. அதுவும் ஒற்றை அணுவுக்கு.

டிராக் சொல்லும் முன்பே, 1928இல், டக்ளஸ் ஹாட்ரீ ஒரு குறுக்கு வழி கண்டிருந்தார். ஓர் இலத்திரன் எங்கே இருக்கும் என்பது மற்றவை எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மற்றவை இருப்பதோ இதைப் பொறுத்தது. யார் முதலில் வாய் திறப்பது? அக்குறணைக் கடையில் இந்தச் சிக்கலை நாங்கள் தினமும் தீர்க்கிறோம். முதலாளி மனத்துக்குத் தோன்றிய ஒரு விலையைச் சொல்கிறார். வாங்க வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி சொல்கிறார். அதைக் கேட்டு முதலாளி கொஞ்சம் இறங்க, அதைக் கேட்டு இவர் கொஞ்சம் ஏற, வாசல் வரை போய்த் திரும்பி வர, கடைசியில் இருவர் விலையும் அசையாத ஓரிடத்தில் வந்து நிற்கும். ஹாட்ரீ செய்தது இதே பேரம், இலத்திரன்களோடு. ஒரு குத்துமதிப்பில் தொடங்கி, கணக்குப் போட்டு, வந்த விடையை மறுபடி உள்ளே கொடுத்து, உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றாகும் வரை விடமாட்டார். அறிஞர்கள் அதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். பேரம் பேரம்தான்.

கணக்கு எக்கச்சக்கம். ஹாட்ரீயின் தகப்பன் வில்லியம், ஓய்வு பெற்ற மனிதர், வீட்டிலிருந்தபடி கையால் பக்கம் பக்கமாகப் போட்டுக் கொடுத்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய வயதில் இலத்திரன்களைப் பார்த்தார். அதுவும் போதாமல் 1934இல் மான்செஸ்டரில் ஹாட்ரீயும் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் சிறுவர்கள் விளையாடுகிற மெக்கானோ பட்டிகளையும் பற்சில்லுகளையும் பூட்டி ஒரு கணக்கு இயந்திரத்தையே கட்டினார்கள். கேலி செய்ய வேண்டாம், வேலை செய்தது. கேலி செய்ய வேண்டிய இடம் வேறு. 1950களின் தொடக்கத்தில், கம்பனிகளுக்கு இலத்திரனியல் கொம்பியூட்டர் விற்கப் புறப்பட்ட ஒருவர் ஹாட்ரீயிடம் ஆலோசனை கேட்டபோது, இந்த நாட்டுக்கு இனி எக்காலத்துக்கும் தேவையான கணக்குகளை மூன்று கொம்பியூட்டர்களே செய்து முடித்துவிடும் என்று சொன்னாராம். கேட்டவர் பின்னாளில் சொன்ன கதை. அந்தக் கணக்கில் எங்களூர் ஆறாம் கட்டையில் ஃபோன் திருத்துகிற கடை ஒன்றின் மேசையில் ஒரு பேரரசே பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. ஹாட்ரீக்கும் மூன்று என்ற எண்ணில் ஏதோ பிடிப்பு. எங்களூர்க் கதை அவர் காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தவர் வோல்டர் கோன். வியன்னாவில் பிறந்த யூதப் பையன். 1939இல் பிள்ளைகளை மட்டும் ஏற்றிய வண்டியில் இங்கிலாந்துக்குத் தப்பினார். பெற்றோர் ஒஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்த பிள்ளையை எதிரி நாட்டான் என்று பிடித்து முகாமில் வைத்து, கனடாவுக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோவில் படிக்க விட்டபோதும், இரசாயனவியல் கட்டடத்தில் யுத்த வேலை நடப்பதால் இவர் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று தடை. ஆகவே பௌதிகமும் கணிதமும் படித்தார். அந்த மனிதருக்குத்தான் 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எதற்கு? இரசாயனத்துக்கு. கூடப் பகிர்ந்துகொண்ட ஜோன் பொப்பிள் கணிதம் படித்தவர். இரசாயனக் கட்டடத்துக்குள் ஒழுங்காகப் போய் வந்தவர்கள் அன்று கைதட்டினார்கள்.

கோன் செய்தது பெரிய காரியம். 1964இல் ஹோகன்பேர்க்கோடும் 1965இல் ஷாமோடும் சேர்ந்து, ஒவ்வோர் இலத்திரனையும் பின்தொடர வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கின்றன என்று தெரிந்தால் போதும் என்று நிறுவினார். 270 மாறிகள் மூன்றாகச் சுருங்கின. மறுபடியும் மூன்று! ஒரேயொரு சின்னக் குறை: அந்த அடர்த்தியிலிருந்து சக்தியைக் கறக்கும் சரியான சூத்திரம் இருக்கிறது என்றுதான் நிறுவினார்கள், அது என்ன என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. தோராயமானவற்றை வைத்து உலகம் ஓடுகிறது. மின்கலம், ஊக்கி, சூரியப் படலம் என்று திரவியங்களைச் செய்து பார்க்கும் முன் இந்தக் கணக்கில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போது பழைய கறுப்புக் கல். தோரியம் ஒட்சைட்டு இன்று அணு உலை எரிபொருளுக்கு வேட்பாளர். ஒட்சைட்டுகளிலேயே அதிக வெப்பத்தில், 3,300 பாகை செல்சியசுக்கு மேல்தான், அது உருகும். கடலுக்கு அந்தப் பக்கம் கல்பாக்கத்தில் தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233இல் ஓடும் காமினி என்ற சின்ன உலை 1996இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே உலகெங்கும் ஆராய்ச்சிப் பிள்ளைகள் தோரியம் ஒட்சைட்டைக் கணினிக்குள் ஊட்டுகிறார்கள். அலகுக் கலத்தில் நாலு தோரியம், எட்டு ஒட்சிசன். மொத்தம் பன்னிரண்டே அணுக்கள். லப்டொப்பே போதும். தொந்தரவான உள்ளோட்டு இலத்திரன்கள் இல்லாத சமத்துப் பிள்ளை. கணக்கு அதை மின்கடத்தாப் பொருள் என்று சரியாகவே சொல்கிறது. அதே அமைப்பு, அதே சதுரம் கொண்ட யுரேனியம் ஒட்சைட்டைப் போட்டால்? உலோகம் என்கிறது! கையில் வைத்துப் பார்த்தால் உலோகத்தின் வாசம்கூட இல்லாத பொருள். யுரேனியத்தில் மிச்சம் நிற்கும் இரண்டு இலத்திரன்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு அசைய மறுப்பது கணக்கின் கண்ணில் படுவதில்லை. அதைச் சமாளிக்க ஹப்பர்ட் என்பவர் பெயரில் ‘யூ’ என்று ஓர் எண்ணைச் சொருகுகிறார்கள். அந்த எண் எவ்வளவு? பலர் சோதனையின் விடையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் இதற்கு வேறு பெயர். 1904இல் குமாரசுவாமி எந்த இரண்டு கற்களுக்கிடையில் தடுமாறினாரோ, அதே இரண்டுக்கிடையில்தான் உலகத்தின் விலை கூடிய கொம்பியூட்டர்களும் தடுமாறின. அவரிடம் ‘யூ’ இருக்கவில்லை.

குமாரசுவாமி நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் முதல் தடவையிலேயே சரியாகப் பிடித்த கல் ஒன்று உண்டு. அதுவும் கண்டிக்குக் கிழக்கே அம்பகொட்டைக்குப் பக்கத்துக் கங்கபிட்டியவில். சுண்ணாம்புப் பாறையும் மற்றப் பாறையும் உரசுகிற இடத்தில் நீலமாகக் கிடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்து ஜி. ரி. பிரயரோடு சேர்ந்து 1903இல் புதுக் கனிமம் என்று வெளியிட்டார்; பெயர் செரண்டிபைற்று. அராபியர் இந்தத் தீவைக் கூப்பிட்ட பெயரை ஒரு தமிழரின் மகன் சிங்களக் கிராமத்துக் கல்லுக்கு வைத்தார் என்பதால் எங்களூர் மூத்தவர்கள் இதில் பங்கு கேட்டாலும் கேட்கலாம். வெகு காலம் இரத்தினக்காரர்கள் பட்டை தீட்டக்கூடிய துண்டு ஒன்று கிடைக்காதா என்று ஏங்கிய அபூர்வக் கல்.

இதைக் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படும் பேராதனைக் கெம்பஸ் பிள்ளைகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அலகுக் கலத்தில் 68 அணுக்கள். நாலு கல்சியம், நாற்பது ஒட்சிசன், அவற்றால் தொல்லையில்லை. ஆனால் பன்னிரண்டு இடங்களை ஆறு மக்னீசியமும் ஆறு அலுமினியமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இன்னொரு பன்னிரண்டு இடத்தில் ஆறு சிலிக்கன், மூன்று போரன், மூன்று அலுமினியம். எது எங்கே உட்காரும் என்று எந்த விதியும் பார்க்காமல் போட்டால், முதலாவதில் 924 வகை, இரண்டாவதில் 18,480 வகை. பெருக்கினால் 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டும். எக்ஸ் கதிர்க்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஆசன ஒழுங்கைப் பார்த்து எழுதினால் வேலை மிகவும் சுருங்கிவிடும். அதுவும் கல்லிடம் கேட்டுத்தான். கேட்கவே மாட்டேன், கணக்கால்தான் காண்பேன் என்று ரோசம் பிடித்து, ஓர் அமைப்புக்கு ஒரு மணித்தியாலம் வீதம் லப்டொப்பை ஓடவிட்டால் 1,900 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தொடங்குமுன் அதுவரைக்கும் கரன்ட் போகாது என்று யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.